வெயிட்டிங் லிஸ்ட் இரண்டு, மூன்று

சார்ட் போட்ட பிறகும்
நாங்கள் இரண்டு, மூன்றிலேயே நின்றோம்.
சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ்
எங்களுக்கு முதுகைக் காட்டிப் போயிற்று.

தணிகை ஒன்றும் சொல்லவில்லை.
பையைத் தோள் மாற்றிக்கொண்டான்.
உள்ளே இரண்டு ஸ்வெட்டர்கள்,
ஒரு ஃபிளாஸ்க், ரயிலுக்குக் கட்டிய புளிச்சோறு,
குடோனில் அவன் கெஞ்சி வாங்கிய
ஒரு சனிக்கிழமை.

ஆட்டோ கொளத்தூருக்குள் திரும்பும்போதுதான்
எனக்கு உறைத்தது:
ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.
பால்காரரிடம், வாட்டர் கேன் பையனிடம்,
என் ஸ்டாஃப் ரூமில், அவன் அம்மாவிடம்,
வாசல் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி
கீழ்வீட்டு ஜெகதா அக்காவிடம்.
'என்ன, போகலையா?'வுக்கு
எத்தனை முறை பதில் சொல்வது?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம்.
இரவு பதினொன்றரை. இருபத்தாறு படி.
இப்படித் தொடங்கியது
எங்கள் ஊட்டி.

விளக்கு போடக் கூடாது.
குக்கர் வைத்தால் விசில் காட்டிக்கொடுக்கும்.
ஏசி போட்டால் அதன் தண்ணீர்
அக்காவின் தகரச் சன்ஷேடில் சொட்டும்.
மே மாதம். கத்திரி.
தரையைத் துடைத்து, ஈரம் காயுமுன்
அதன் மேல் படுத்துக்கொண்டோம்.
போனைப் பார்த்து அவன் படித்தான்:
'இப்ப அங்க பதினாலு டிகிரி. லேசான தூறல்.'
'ஜன்னலைச் சாத்து' என்றேன்.
சாத்துவதுபோல் இருட்டில் கையை நீட்டினான்.

அவனுக்கு நைட் ஷிஃப்ட், எனக்குப் பள்ளிக்கூடம்.
மூன்று வருடமாக
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான்
அதிகம் பேசியிருக்கிறோம்.
சனி காலை ஒரு சண்டைகூட ஆரம்பித்தோம்,
அவன் தம்பிக்குக் கொடுத்த பணம் பற்றி.
கிசுகிசுத்துப் பேசியதில்
அது ஏதோ ரகசியம்போல ஒலித்தது.
பாதியில் சிரிப்பு வந்துவிட்டது,
தலையணையைக் கடித்துக்கொண்டோம்.

மதியம் படியில் காலடி.
மக்கில் தண்ணீர், குரோட்டன்ஸ் இலையில் சலசலப்பு.
அக்கா இறங்கிப் போகவில்லை.
எங்கள் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்,
தாழ்ப்பாள் ஒருமுறை முனகியது.

'டேய், நான்தான்டா.
மாடிக்கு வந்துட்டேன். அதுங்க ஊட்டிக்குப் போயிருக்கு.
இங்க யாருமில்ல.'

பிறகு சிரித்தாள்.

நாலு வருடமாக அக்காவின் குரலை
மோட்டாரை நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம்.
ஐ.சி.எஃப்பில் ரிட்டயரான கணவர்,
இரண்டு மகன்கள், ஒரு மருமகள்,
எப்போதும் ஓடும் டிவி,
அதற்கு மேலே அவள் கத்தியாக வேண்டும்.
இந்தச் சிரிப்பு சோடா மூடியைத் திறந்ததுபோல்
பீறிட்டு வந்தது.
'அந்தப் பச்சை சைக்கிள் ஞாபகம் இருக்காடா?'

கதவுக்கு இந்தப் பக்கம்
தும்மலை அடக்கி மூக்கைப் பிடித்திருந்தேன்.
யார் அந்த டேய்?
தம்பியா, கூடப் படித்தவரா, வேறு யாருமா?
யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
நாற்பது நிமிடம்.

ஞாயிறும் வந்தாள்,
இந்த முறை முறுக்குப் பாக்கெட்டோடு.
கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.
நான் காதைக் கொண்டுபோனேன்.
தணிகை என் முழங்கையைத் தொட்டு,
'வா, இது நமக்கில்ல' என்றான்.
அடுக்களை மூலையில் உட்கார்ந்து
மிச்சப் புளிச்சோற்றை உருட்டித் தந்தான்.
வேர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.
அவனை இவ்வளவு கிட்டத்தில்
பகல் வெளிச்சத்தில் பார்த்து நாளாயிற்று.

திங்கள் விடியுமுன் நழுவி இறங்கி,
மூலக்கடையில் டீ குடித்து,
பேக்கரியில் வர்க்கி வாங்கி
பில்லைக் கிழித்துப் போட்டோம்.
ஆறரைக்குத் திரும்பி வந்தோம்,
பையைப் படியில் இடித்து இடித்து.

'குளிரா இருந்துச்சா?' ஜெகதா அக்கா கேட்டாள்.
'ரொம்பக் குளிர்' என்றோம்.
'அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு போல,
முகமே தெளிஞ்சிருக்கு.'
வர்க்கி ஒன்றைக் கடித்தாள்.
'ஊட்டி வர்க்கி ஊட்டி வர்க்கிதான்.'

'செடிக்கு ஊத்தினதுக்குத் தேங்க்ஸ்கா.'

'அதென்ன, ரெண்டு நிமிஷ வேலை.'
முந்தானையில் ஒட்டிய துகளைத் தட்டினாள்,
தட்டிக்கொண்டே இருந்தாள்.
பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

'அடுத்த மாசமும் போய்ட்டு வாங்க.
செடியை நான் பாத்துக்கறேன்.'